நேர்ச்சை அம்மாவுடையது, மகனுடையது இல்லை

யாங்கூனிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். குழந்தை பிழைத்தால் ஆண்டவருக்கே கொடுத்துவிடுகிறேன் என்று ஞாங்லேபின் மாதா கோயிலில் நேர்ந்துகொண்டாராம். இப்போது மகனுக்கு 14 வயது. பூசைக்கு ஆசையாக உதவி செய்கிறான், ஆனால் சாமியாராகப் படிக்கிற குருமடத்தின் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறான். ஒரே பிள்ளை என்பதால் கணவருக்கும் சம்மதமில்லை. நேர்ச்சையை எப்படி நிறைவேற்றுவது என்று கேட்கிறார்.

முதலில் பயத்தை விடுங்கள் அக்கா. நேர்ச்சை, செய்தவரை மட்டுமே கட்டும் என்று திருச்சபைச் சட்டம் 1193 சொல்கிறது. உங்கள் வாக்குக்கு உங்கள் மகன் கடன்காரன் ஆகமாட்டான். நியாயமான காரணம் இருந்தால் உங்களை அதிலிருந்து விடுவிக்கப் பங்குச் சாமியாருக்கே அதிகாரம் உண்டு, ஆயர் வரை போகத் தேவையில்லை. அவரிடம் பேசிவிட்டு வந்து, "அந்த நேர்ச்சை உன் தலையில் இல்லை" என்று பையனிடம் வாய் திறந்து சொல்லிவிடுங்கள். அவன் எழுந்து போவதற்கு அதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

கட்டாயப்படுத்தி யாருக்கும் குருப்பட்டம் கொடுக்கக்கூடாது, நிர்ப்பந்தத்தால் துறவற சபையின் நவதுறவில், அதாவது துறவிகளுக்கான தொடக்கப் பயிற்சிக் காலத்தில், சேர்ந்தால் அந்தச் சேர்க்கையே செல்லாது. அவசரமும் இல்லை. நவதுறவுக்கு 17 வயதாவது முடிந்திருக்க வேண்டும், குருப்பட்டத்துக்குப் பொதுவாக 25.

அதுவரை என்ன செய்யலாம்? முதல் வேலை, சொந்தக்காரர்கள் அவனைக் "குட்டிச்சாமி" என்று கூப்பிடுவதை நிறுத்துங்கள். அப்புறம், ஞாயிறு பூசை முடிந்து வந்து சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சாமியார் பிரசங்கத்தையும் கோயில் கமிட்டிச் சண்டையையும் கிழித்துத் தொங்கவிடுகிறோமே, அதைக் கேட்டு வளர்கிற பிள்ளை அந்த வாழ்க்கைக்கு ஏன் ஆசைப்படப் போகிறான்? வீடு மந்திரிக்க மட்டும் சாமியாரைக் கூப்பிடாமல், ஒரு நாள் சும்மா சாப்பிடக் கூப்பிடுங்கள். அவர் மொகிங்கா என்கிற பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸுக்கு இன்னும் கொஞ்சம் மிளகாய்த்தூள் கேட்பதையும், பந்தாட்டம் பேசிச் சிரிப்பதையும் பையன் பார்க்கட்டும். இரவு செபமாலையை அப்பாவும் முட்டி போட்டுச் சொல்லட்டும், அம்மா மட்டும் சொல்கிற வீட்டில் பையன்களுக்கு அது பெண்கள் சமாச்சாரமாகிவிடுகிறது. படிப்பில் கை வைக்காதீர்கள், பள்ளியை முடிக்கட்டும்.

கணவரின் கவலை நியாயமானது. ஒரே மகன் என்பது சட்டப்படி தடையில்லை, ஆனால் வயதான காலத்தில் யார் பார்ப்பார்கள் என்று அவர் கேட்கத்தான் செய்வார். ஒன்று தெரிந்துகொள்ளட்டும்: ஆயரின் கீழ் பணி செய்யும் மறைமாவட்டக் குருக்கள் ஏழ்மை வார்த்தைப்பாடு, அதாவது தனக்கென்று சொத்து வைத்துக்கொள்வதில்லை என்ற வாக்கு, கொடுப்பதில்லை, துறவற சபையார் கொடுக்கிறார்கள். பெற்றோரைக் கவனிப்பதில் இது பெரிய வித்தியாசத்தை ஏற்படுத்தும். குருவாக விரும்பும் பையன்களுக்கு வழிகாட்டுகிற மறைமாவட்டத்தின் அழைத்தல் பொறுப்பாளரை அவரே நேரில் பார்த்துக் கேட்பது நல்லது.

குருமடம் போய்த் திரும்பி வருகிற பையனை நம் ஊரில் ஏதோ தப்பு செய்தவனைப் போலப் பார்க்கிறார்கள், எனக்கு இதுதான் பெரிய எரிச்சல். குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் பெற்றோரும் 2015இல் புனிதர்களானவர்களுமான லூயி, செலி மார்த்தின் தம்பதியின் ஐந்து மகள்களும் கன்னியர் ஆனார்கள். அதில் லியோனி மூன்று முறை மடத்திலிருந்து திரும்பி வந்தவர், 1899இல் நான்காம் முறை போய்த்தான் நிலைத்தார். உங்கள் மகன் ஒருநாள் போனாலும் சரி, போய்த் திரும்பினாலும் சரி, அவன் அறையை வாடகைக்கு விட்டுவிடாதீர்கள்.