விளையாட்டரங்க வாசலில் இரண்டு சிலைகள்

கேள்வி: அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளைப் பார்க்க மேடிசன் நகருக்குப் போயிருந்தோம். அங்கே கேம்ப் ராண்டல் விளையாட்டரங்கத்துக்கு வெளியே பேரி ஆல்வரெஸ், பேட் ரிக்டர் என்ற இருவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். இருவருமே பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநர்களாக இருந்தவர்களாம். கல்லூரியில் பந்தாடியவர்கள் அந்தப் பதவிக்கு எப்படி வருகிறார்கள்? நிர்வாகிக்குச் சிலை வைக்கும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது?
- வாசகி ஒருவர், திருச்சி

பதில்: அவர்கள் ஆடியது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் வீசியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து. பெரிய பல்கலைக்கழகங்களில் மற்ற விளையாட்டுகளின் செலவில் பெரும்பகுதியை இந்த ஓர் ஆட்டத்தின் வருமானமே தாங்குகிறது. அது சரிந்தால் மற்றவையும் சேர்ந்து தள்ளாடும். 1989 இறுதியில் ரிக்டர் இயக்குநரானபோது விஸ்கான்சின் அந்த நிலையில்தான் இருந்தது. முந்தைய மூன்று பருவங்களில் அணி 6 ஆட்டங்களில் வென்று 27-இல் தோற்றிருந்தது. துறைக்குச் சுமார் 20 லட்சம் டாலர் பற்றாக்குறை.

ரிக்டர் அதே பல்கலைக்கழகத்தில் கால்பந்து, கூடைப்பந்து, பேஸ்பால் மூன்றும் ஆடியவர். கல்லூரி அணிகள் புத்தாண்டையொட்டி மோதும் புகழ்பெற்ற கோப்பை ஆட்டமான ரோஸ் பவுலில், 1963-இல், 11 முறை பந்தைப் பிடித்து 163 கஜம் முன்னேறியவர். பின்னர் வாஷிங்டன் தொழில்முறை அணியில் ஆடி, சட்டமும் படித்து, மேடிசனில் இயங்கிய ஆஸ்கர் மேயர் இறைச்சி நிறுவனத்தில் பணியாளர் துறையின் உயர் பொறுப்பில் இருந்தார். ஆட்களை எடைபோட்டுத் தேர்ந்தெடுப்பதே அங்கு அவர் வேலை. அந்த அனுபவம்தான் பல்கலைக்கழகத்தைக் காப்பாற்றியது என்பது என் கருத்து. அதே வேளையில், 1991-இல் பற்றாக்குறையைச் சமாளிக்க ஜிம்னாஸ்டிக்ஸ், வாள்வீச்சு ஆகியவற்றோடு பேஸ்பால் அணியும் கலைக்கப்பட்டது. மாணவப் பருவத்தில் தாம் ஆடிய விளையாட்டை, இயக்குநர் நாற்காலியில் இருந்துகொண்டு மூட வேண்டி வந்த அந்த மனிதரின் வேதனையை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

அவர் 1990 பருவத்துக்குத் தலைமைப் பயிற்சியாளராகத் தேர்ந்தெடுத்தவர்தான் ஆல்வரெஸ். 1946-இல் பிறந்த பென்சில்வேனியாக்காரர். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் தற்காப்பு வரிசைக்குப் பின்னால் நின்று எதிரணியைத் தடுக்கும் லைன்பேக்கராக ஆடினார். படிப்பு முடிந்ததும் உயர்நிலைப் பள்ளிகளில்தான் பயிற்சியாளர் வேலையைத் தொடங்கினார். 1978-இல் அயோவா மாநிலத்தின் மேசன் சிட்டி பள்ளி அணியை மாநிலப் பட்டத்துக்கு அழைத்துச் சென்ற பிறகே, அயோவா பல்கலைக்கழகத்தில் ஹேடன் ஃப்ரையின் உதவிப் பயிற்சியாளர் ஆனார். அடுத்து நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளர் லூ ஹோல்ட்ஸின் கீழ்ப் பணியாற்றி, 1988-இல் தேசியப் பட்டம் வென்ற அணிக்கும் பங்களித்தார்.

விஸ்கான்சினில் பொறுப்பேற்றபோது, ஆட்டம் பார்க்க டிக்கெட் வேண்டுவோர் இப்போதே வாங்கிக்கொள்ளட்டும், பின்னால் கிடைக்காது என்றார். ஆனால் முதல் பருவத்தில் 1 வெற்றி, 10 தோல்வி. அடுத்த இரண்டு பருவங்களில் ஒவ்வொன்றிலும் 5 வெற்றி, 6 தோல்வி. வேறு இடமாக இருந்தால் அவரை அனுப்பியிருப்பார்கள்; ரிக்டர் பொறுத்திருந்தார். 1993 பருவத்தில் 10 வெற்றி, 1 தோல்வி, 1 சமன் என்று அணி நிமிர்ந்தது. 1994 ஜனவரி 1 அன்று ரோஸ் பவுல் ஆட்டத்தில், பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் டாரல் பெவல், வேகத்துக்குப் பேர்போனவர் அல்லாதவர், நான்காம் கால்பகுதியில் பந்தைத் தாமே ஏந்தி 21 கஜம் ஓடி எதிரணியின் எல்லைக்குள் சேர்த்து டச்டவுன் போட்டார். லாஸ் ஏஞ்சலஸின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக (யுசிஎல்ஏ) அணியை 21-16 என்று வென்றார்கள். விஸ்கான்சினுக்கு அதுவே முதல் ரோஸ் பவுல் வெற்றி. 1999, 2000 ஆண்டுகளிலும் அதே கோப்பை வந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் ஆல்வரெஸை விட அதிக வெற்றி கண்ட பயிற்சியாளர் இல்லை. சிலைக்கான காரணத்தை இங்கேதான் தேட வேண்டும்.

கேள்வி: ஆல்வரெஸ் பயிற்சியாளராக இருந்துகொண்டே இயக்குநர் பதவியையும் வகித்தார் என்று படித்தேன். அது முறையா?
- வாசகர் ஒருவர், கோவை

பதில்: உண்மைதான். ரிக்டர் ஓய்வுபெற்ற 2004-இல் அந்தப் பொறுப்பும் இவரிடம் வந்தது. இரண்டு பருவங்கள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். நெப்ராஸ்காவில் இவருக்குப் பயிற்சியளித்த பாப் டெவனியும் சில ஆண்டுகள் அப்படி இருந்தவர்தான். நெடுங்காலத்துக்கு அது நல்லதல்ல என்றே நினைக்கிறேன். இருபதுக்கும் மேற்பட்ட விளையாட்டுகளுக்குப் பணம் பங்கிடுகிறவர் அவற்றில் ஒன்றன் பயிற்சியாளராகவும் இருந்தால், மற்ற அணிகளுக்கு நியாயம் கிடைப்பது கடினம். ஆல்வரெஸ் 2005 பருவத்தோடு பயிற்சியை விட்டு நிர்வாகத்தில் முழுதாக இறங்கினார். அதன்பின் 2012-இல் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணிக்கென்றே தனி அரங்கம் எழுந்தது. அந்த அணி அவர் காலத்தில் பலமுறை தேசியப் பட்டம் வென்றது.

இருமுறை மட்டும் களத்தோரம் திரும்பினார், இரண்டும் அவசரத்துக்குத்தான். 2012 டிசம்பரில் பயிற்சியாளர் பிரெட் பீலமா ஆர்கன்சாவுக்குப் போய்விட, ரோஸ் பவுல் ஆட்டத்துக்கு வீரர்களே இவரை அழைத்தார்கள். ஸ்டான்ஃபோர்டிடம் 20-14 என்று தோற்றார்கள். இரண்டு ஆண்டு கழித்து, பீலமாவுக்குப் பின் வந்த பயிற்சியாளர் கேரி ஆண்டர்சனும் விலகியபோது மறுபடி பொறுப்பேற்று, 2015-இல் அவுட்பேக் பவுல் என்ற இன்னொரு கோப்பை ஆட்டத்தில் ஆபர்ன் அணியைக் கூடுதல் நேரத்தில் 34-31 என்று வென்றார். அப்போது அவருக்கு 68 வயது. 2021-இல் இயக்குநர் பதவியிலிருந்து ஓய்வுபெற்றார்.