வேகமாக வாசித்தால் எதிரொலி கலங்குவது பற்றி

வணக்கம். தேவாலயக் குழாய் ஆர்கனின் ஒலியைப் பதிவு செய்து கணினியில் வாசிக்கும்போது நீண்ட சுரங்கள் அருமையாக இருக்கின்றன, விரைவாக வாசித்தால் மட்டும் தேவாலய எதிரொலி திடீரென்று பெருகிக் கலங்கிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். இது கணினியின் வேகக் குறைவு இல்லை. ஒவ்வொரு குழாயையும், கட்டையைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்து மட்டுமே பதிவு செய்திருக்கிறீர்கள், சிக்கல் அங்கேதான்.

குழாய் ஒலித்ததும் பெரிய கட்டடம் உடனே ஒலியால் நிறைந்துவிடாது, கொஞ்சம் நேரம் எடுக்கும். கட்டையைத் தொட்டதும் விட்டால் மெல்லிய எதிரொலிதான் வரும். ஆனால் உங்கள் கோப்பில் இருப்பதோ முழுக்க நிறைந்த கட்டடத்தின் எதிரொலி. மென்பொருள் எல்லாச் சுரத்துக்கும் அதையே ஒட்டுகிறது.

ஆகவே ஒவ்வொரு குழாயையும் குறுகிய, நடுத்தர, நீண்ட அழுத்தம் என மூன்று விதமாகப் பதிவு செய்யுங்கள். ஹாப்ட்வெர்க், கிராண்ட்ஆர்க் ஆகிய ஆர்கன் மென்பொருள்கள் இரண்டும் கட்டை அழுத்திய நேரத்தைப் பார்த்துப் பொருத்தமான முடிவைத் (கட்டையை விட்டபின் கேட்கும் எதிரொலிப் பதிவை) தேர்ந்தெடுக்கும். பதினாறு அடி எனப்படும் ஆழ்ந்த ஒலிக் குழாய்களுக்குக் குறுகிய அழுத்தத்தையும் சற்று நீட்டுங்கள், அவை பேசத் தொடங்கவே தாமதமாகும்.

மறுபடி அங்கே போக முடியாவிட்டால், இருக்கும் முடிவின் நகலை எடுத்து ஒலியளவைக் குறைத்துக் குறுகிய முடிவாகக் கொடுங்கள். அசலுக்கு ஈடாகாது, ஆனாலும் கலக்கம் நன்றாகக் குறையும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள்: சுர இடைவெளிகள் எல்லாம் சமமாகும்படி சுருதியைத் திருத்தியதாகச் சொன்னீர்களே, திருத்தாத மூலக் கோப்புகளை அழித்துவிடாதீர்கள். அந்த ஆர்கனின் பழைய சுருதி முறை அவற்றில்தான் இருக்கிறது.