கண்ணீர் வழியும் கண்ணை எப்படி வறண்ட கண் என்கிறார்கள்?

அம்மாவுக்குப் பல வருடமாக முடக்குவாதம், இப்போது கண்ணுக்குள் மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது, வெளியே போனால் கண்ணீர் வழிகிறது, கண் கிளினிக்கில் "கண் வறட்சி" என்று துளிமருந்து தந்தார்கள், நீர் வழியும் கண் எப்படி வறளும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியோடு நானும் ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தேன். எனக்கு இருப்பது சோகிரென் நோய். உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்தக் கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளையே தாக்கும். முடக்குவாதம், லூபஸ் (எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் இன்னொரு நோய்) உள்ளவர்களுக்கும் இது கூடவே வருவதுண்டு.

கண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை. அடியில் சளி போன்ற ஒரு படலம், அதோடு சேர்ந்து தண்ணீர், எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய எண்ணெய். அந்த எண்ணெயைத் தருபவை இமை ஓரத்தில் வரிசையாக இருக்கும் மைபோமியன் சுரப்பிகள். மேலிமையில் 25 முதல் 40 வரை, கீழிமையில் 20 முதல் 30 வரை இருக்கும். இவை அடைபட்டால் எண்ணெய் வராது, தண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். கண் காய்ந்து எரியும்போது அவசரத்துக்கு நீர் சுரக்கும். ஆனால் அது கண்ணில் தங்காமல் கன்னத்தில் வழிந்துவிடும். அம்மாவுக்கு வழிவது அநேகமாக அந்த நீர்தான். எங்கள் போன்ற நோயாளிகளுக்குச் சில வேளை இரண்டு பக்கமும் அடி: தண்ணீரும் குறையும், எண்ணெயும் அடைபடும்.

நான் முதலில் போன இடத்தில் கண்நோய் என்று சொல்லி அன்டிபயோட்டிக் துளி தந்தார்கள். வாய் காய்கிறதா, மூட்டு நோகிறதா என்று யாரும் கேட்கவில்லை. அப்போது எனக்குப் பிட்டு தொண்டையில் இறங்காது, சொதி விட்டுக் குழைத்தால்தான் விழுங்க முடியும். அதையும் கண்ணையும் நானும் சேர்த்துப் பார்க்கவில்லை. பிறகு வேறொரு வைத்தியர் கீழிமைக்குள் சின்னக் காகிதப் பட்டி ஒன்றை வைத்து 5 நிமிடம் பார்த்தார். 3 மில்லிமீற்றர்தான் நனைந்திருந்தது. 5 அல்லது அதற்குக் குறைவென்றால் கடும் வறட்சி. அப்புறம் இமை ஓரத்தை மெதுவாக அழுத்தினார். தெளிந்த எண்ணெய்க்குப் பதிலாகப் பற்பசை போல வெள்ளையாக வந்தது. துளிமருந்து மட்டும் ஏன் போதவில்லை என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

மார்கழி விடியலில் போத்தலுக்குள் தேங்காயெண்ணெய் உறைந்திருந்தால் வெயிலில் வைப்போம் இல்லையா, இமைக்கும் அதே வைத்தியம்தான். சுத்தமான துணியைத் தாங்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய கண்ணின் மேல் 10 நிமிடம் வைக்க வேண்டும். துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும், அதனால் பிளாஸ்கைப் பக்கத்தில் வைத்துத் திரும்பத் திரும்ப நனையுங்கள். பிறகு மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும் விரலால் மெதுவாக நீவ வேண்டும். கண்மணியை அழுத்தக் கூடாது. நான் காலையும் இரவும் செய்கிறேன். பலன் தெரிய ஆறு வாரம் போனது, ஆகவே ஒரு வாரத்தில் விட்டுவிடாதீர்கள்.

துளிமருந்தை ஒரு நாளைக்கு 4 தடவைக்கு மேல் விட வேண்டியிருந்தால் மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கும் பாதுகாப்புப் பதார்த்தம் கலக்காததைக் கேளுங்கள். விலை கூடத்தான், ஆனால் அந்தப் பதார்த்தமே காய்ந்த கண்ணை மேலும் புண்ணாக்கும். ஸ்டெரொயிட் துளியைப் பாமசியில் நீங்களாக வாங்க வேண்டாம். கண் அழுத்தம் ஏறும், கண்புரையும் வரும். தாய்ப்பாலோ நந்தியாவட்டைச் சாறோ விடச் சொல்லும் பெரியவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள், ஆனால் காய்ந்து கீறுபட்ட கண்ணில் அதெல்லாம் கிருமிக்கு வழி.

சோளகம் அடிக்கும் மாதங்களில் வெளியே கண்ணாடி போடாமல் அம்மாவை மோட்டார் சைக்கிளில் ஏற்ற வேண்டாம். இரவில் ஃபேன் காற்று முகத்துக்கு நேரே படக் கூடாது. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளோடு வீடியோவில் பேசும்போது கண்ணை இமைக்கச் சொல்லி நினைவூட்டுங்கள். திரையைப் பார்த்தால் இமைப்பது குறைந்துவிடும்.

அம்மா முடக்குவாதத்துக்குத் தரும் ஹைட்ரொக்சிகுளோரோகுயின் மாத்திரை எடுக்கிறாரென்றால் அதற்காகச் செய்யும் கண் பரிசோதனை விழித்திரைக்கானது. அதை ஆரம்பத்தில் ஒருமுறை, 5 வருடத்துக்குப் பிறகு வருடாவருடம் செய்வார்கள். கண் வறட்சியை அதில் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ளாமல் வாய்விட்டுச் சொல்லுங்கள். மூட்டு வைத்தியரிடம் கண்ணைப் பற்றியும் கண் வைத்தியரிடம் மூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உள்ளே நோய் எரிந்துகொண்டிருந்தால் வெளியிலிருந்து விடும் துளி எவ்வளவும் போதாது.

ஒன்று மட்டும் கவனம். கண் ஆழத்தில் கடும் நோவு, கடும் சிவப்பு, வெளிச்சம் கூசுதல், பார்வை மங்கல் இதில் எது வந்தாலும் கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். முடக்குவாதம் சில வேளை கண்ணின் வெள்ளைப் பகுதியையும் கருவிழியையும் தாக்கும், அதற்குத் துளிமருந்து காணாது.