பழைய .22 ரைஃபிளில் எல்லா .22 தோட்டாவையும் போட்டுச் சுடலாமா?

கேள்வி: தாத்தாவின் .22 ரைஃபிளுக்கு லைசென்ஸ் இப்போது என் பெயருக்கு மாறிவிட்டது. ஏற்காடு எஸ்டேட் வீட்டு அலமாரியில் ஷார்ட், லாங், லாங் ரைஃபிள், மேக்னம் என்று நாலு வகைத் தோட்டா இருக்கிறது. எல்லாமே .22 தானே, மாற்றி மாற்றிச் சுடலாமா?

பதில்:

எல்லாவற்றையும் சுட முடியாது. எதைச் சுடலாம் என்பது உங்கள் பேரலிலேயே எழுதியிருக்கும். போல்ட்டை, அதாவது பேரலின் பின்பக்கத்தை மூடும் இரும்புத் தண்டைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம் தோட்டா உட்காரும் பின்பகுதியான சேம்பருக்குப் பக்கத்தில் பேரல் மேல் பொறித்திருப்பதைப் படியுங்கள். மலை ஈரத்தில் பழைய எஸ்டேட் துப்பாக்கிகளில் எழுத்து துருவேறி மங்கியிருக்கும். எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும்.

நான் சேலத்தில் ரைஃபிள் கிளப்பில் சுடுகிறவன். புதிதாக வருகிறவர்கள் பலரும் இந்த விஷயத்தைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தோட்டாவைச் சேம்பரில் போட்டுப் பார்த்து, உள்ளே போனால் சரி என்று முடிவு செய்கிறார்கள். விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் இந்த ரிம்ஃபயர் வகைத் தோட்டாவில் இதைவிட ஆபத்தான சோதனை கிடையாது. சேம்பருக்குச் சம்பந்தமே இல்லாத தோட்டாவும் சுலபமாக உள்ளே போய்விடும்.

ஷார்ட் 1857இல் வந்தது, லாங் 1871இல், லாங் ரைஃபிள் 1887இல். மூன்றுக்கும் கூட்டின், அதாவது குண்டும் மருந்தும் இருக்கிற பித்தளை உறையின், பருமன் ஒன்றுதான், 5.7 மி.மீ. அளவில் இருக்கும். லாங்கின் கூட்டிலேயே கனமான குண்டை வைத்ததுதான் லாங் ரைஃபிள். அதனால் பேரலில் 'எஸ், எல், எல்ஆர்' என்ற ஆங்கில எழுத்துகள் மூன்றும் இருந்தால் மூன்றையும் சுடலாம். 'எல்ஆர்' மட்டும் இருந்தாலும் கையால் போல்ட் இழுக்கிற ரைஃபிளில் ஷார்ட்டும் லாங்கும் வெடிப்பதில் பிரச்சினை இல்லை. ஒவ்வொரு முறை சுட்டதும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக்கில் ஷார்ட்டுக்கு போல்ட்டைப் பின்னே தள்ளும் வலு போதாது, சிக்கிக்கொள்ளும். 'ஷார்ட்' என்று மட்டும் பொறித்திருந்தால் அதில் ஷார்ட் தவிர வேறு எதுவும் கூடாது. வின்செஸ்டர் கம்பெனியின் 1890 மாடல் ரைஃபிளை ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனித்தனி சேம்பரோடுதான் செய்தார்கள். பின்னால் வந்த 1906 மாடல்கூட முதலில் ஷார்ட்டுக்கு மட்டும்தான், 1908 முதல்தான் மூன்றையும் ஏற்றுக்கொண்டது. வெளியே பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், ஆகவே தோற்றத்தை நம்பாதீர்கள்.

ஷார்ட் நிறையச் சுட்டால் ஒரு வேலை சேர்ந்துகொள்ளும். அதன் கூடு கிட்டத்தட்ட 10.7 மி.மீ., லாங் ரைஃபிள் கூடு 15.6 மி.மீ. இடையில் இருக்கிற அந்த ஐந்து மில்லிமீட்டரில் ஈயமும் மெழுகும் கரியும் வளையமாகப் படியும். பின்பக்கமாகப் பார்த்தால் கறுப்பாகத் தெரியும். அதன் மேல் லாங் ரைஃபிளைப் போட்டால் இறுக்கமாகப் போகும், சுட்ட கூடு வெளியே வர அடம் பிடிக்கும். பித்தளை பிரஷ் போட்டுத் துடைத்துவிட்டு ரகத்தை மாற்றுங்கள். இறுகி நிற்கும் தோட்டாவை எக்காரணம் கொண்டும் தட்டி உள்ளே தள்ளக் கூடாது. ரிம்ஃபயரில் பற்றவைக்கும் மருந்து விளிம்புக்குள்ளேதான் இருக்கிறது. விளிம்பு நசுங்கினால், போல்ட் பூட்டாத நிலையிலேயே வெடித்துவிடலாம்.

இனி மேக்னம். உங்கள் அலமாரியில் நான் பயப்படுவது இதற்குத்தான். பெயரில் .22 இருந்தாலும் 1959இல் வந்த இது வேறு குடும்பம். கூட்டின் பருமன் சுமார் 6.1 மி.மீ., நீளம் சுமார் 27 மி.மீ. லாங் ரைஃபிள் சேம்பருக்குள் இது முழுதாக நுழையாது, அந்த வரைக்கும் நல்லது. ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது. மேக்னம் சேம்பரில் லாங் ரைஃபிள் தொளதொளவென்று உள்ளே போகும், வெடிக்கவும் செய்யும். மெல்லிய பித்தளைக் கூட்டுக்குச் சுற்றிலும் பிடிமானம் இல்லாததால் அது வீங்கிக் கிழியும், சூடான வாயு போல்ட் பக்கமாக, அதாவது உங்கள் முகத்தை நோக்கி வரும். அப்படிச் சுட்ட ஒரு கூட்டைக் கிளப்பில் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். நடு உடம்பு உப்பி, வாயிலிருந்து நீளவாக்கில் கிழிந்து, கிழிந்த ஓரமெல்லாம் கரி ஏறியிருந்தது. சுட்டவர் கண்ணாடி போட்டிருந்தார், தப்பித்தார்.

ஒரே ரிவால்வரில் இரண்டையும் சுடுகிறார்களே என்று சிலர் கேட்பார்கள். ரூகர் சிங்கிள் சிக்ஸ் கன்வெர்டிபிளில் இரண்டு தனி சிலிண்டர் வரும், தோட்டா மாறும்போது சிலிண்டரையே மாற்றுவார்கள். 2002இல் வந்த .17 எச்எம்ஆர் என்ற தோட்டாவை மேக்னம் கூட்டையே கழுத்து ஒடுக்கிச் செய்தார்கள். அதையும் .22 மேக்னம் துப்பாக்கியில் சுடக் கூடாது.

தாத்தா காலத்துத் தோட்டாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரகம் சரியாக இருந்தாலும் அதை நான் சுடமாட்டேன். ஏற்காட்டு ஈரத்தில் மருந்து கெட்டிருக்கும். குதிரையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் பேரலைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடியே ஒரு நிமிடமாவது காத்திருங்கள், தாமதமாக வெடிப்பதுண்டு. சத்தம் புஸ்ஸென்று வந்தால் அடுத்த தோட்டாவைப் போடாதீர்கள். முந்தைய குண்டு பேரலுக்குள்ளேயே நிற்கலாம், அதன் பின்னால் இன்னொன்று போனால் பேரல் வெடிக்கும்.

லைசென்ஸில் எழுதியிருக்கும் ரகமும் எண்ணிக்கையும்தான் உங்களிடம் இருக்கலாம். மிச்சத்தை வீட்டில் வைத்திருப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். குப்பையில் போடவோ நெருப்பில் எறியவோ வேண்டாம். உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் முதலில் பேசி, எழுத்தில் கொடுத்து ஒப்படைத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். லைசென்ஸ் பதிவில் சந்தேகம் இருந்தால் ஏற்காட்டுக்காரர்களுக்குக் கலெக்டர் ஆபீஸ், சேலம் மாநகருக்குள் கமிஷனர் அலுவலகம். பேரலில் எழுத்து சுத்தமாக அழிந்திருந்தால், லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையில் சேம்பரை அளந்து சொல்லச் சொல்லுங்கள். அதுவரை ஒரு தோட்டாகூட போட வேண்டாம்.