பெரிதாக வேண்டாம், வெளிச்சமாக வேண்டும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: விடுமுறை நாட்களில் வெளியூர்க்காரர்களை மலை ஏற்றிக் கூட்டிப் போகிறேன். நடக்க, மிருகம் பறவை பார்க்க, இரவில் நட்சத்திரம் பார்க்க எல்லாவற்றுக்கும் ஒரே பைனாகுலர் வாங்க நினைக்கிறேன். 10 முதல் 30 மடங்கு வரை சூம் ஆகும் 50 மில்லிமீற்றர் பைனாகுலர்தான் நல்லது என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா ஐயா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: வேண்டாம் தம்பி. ஆசிரியராகச் சேர்ந்த புதிதில் நானும் அப்படி ஒன்றுதான் வாங்கினேன். பாடசாலைப் பிள்ளைகளோடு ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனபோது, விடியற்காலையில் புல்வெளி ஓரத்தில் ஒரு கொம்பு மரை நின்றது. ஆசையோடு 30 மடங்குக்குத் திருப்பினேன். இருட்டாக ஏதோ ஆடியதே தவிர மரை தெரியவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்து முடிப்பதற்குள் அது காட்டுக்குள் போய்விட்டது. அந்தப் பிள்ளைகளின் முகம் இன்றைக்கும் நினைவில் இருக்கிறது.

ஏன் இருட்டாகத் தெரிந்தது? பைனாகுலரில் 8×42 என்று போட்டிருந்தால் 8 என்பது எத்தனை மடங்கு என்பது. 42 என்பது முன் வில்லையின் விட்டம், மில்லிமீற்றரில். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25. உங்கள் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் அவ்வளவு மில்லிமீற்றர். உங்கள் கடைக்காரர் காட்டியதில் 50ஐ 30ஆல் வகுத்துப் பாருங்கள், 1.7கூட வராது. நல்ல வெயிலில் நம் கண்மணியே சுருங்கித்தான் இருக்கும், அப்போது இது பெரிய குறையாகத் தெரியாது. ஆனால் விடியலிலும் அந்தியிலும் கண்மணி 5, 6 மில்லிமீற்றர் விரிந்து வெளிச்சத்துக்காகக் காத்திருக்கிறது. அந்த நேரத்தில் நூல் போன்ற கற்றையைக் கொடுத்தால் அது என்ன செய்யும்?

நம் மலையில் பார்க்க வேண்டியவை எல்லாம் வெளிச்சம் குறைந்த நேரத்தில்தான் வருகின்றன. இலங்கைக்கே உரிய சீகாரப் பூங்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். கருநீலப் பறவை. இருண்ட ஓடையோரத்தில், விடிவதற்குச் சற்று முன்னும் பொழுது சாயும் போதும்தான் பெரும்பாலும் வெளியே வரும். நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குக் குளிர்காலத்தில் வரும் ஆறுமணிக் குருவியும் புதர் நிழலில்தான் இரை பொறுக்கும். அங்கே 30 மடங்கு பெருக்கம் எதற்கு? வெளிச்சம்தான் வேண்டும்.

இன்னொன்று, கை நடுக்கம். ஏற்றம் ஏறி மூச்சு வாங்க நிற்கும்போது எந்தக் கையும் ஆடும். படம் பெருகுகிற அளவுக்கு ஆட்டமும் பெருகும். 8 மடங்கைச் சமாளிக்கலாம், 10 சிலருக்குச் சரி வரும், அதற்கு மேல் முக்காலி இல்லாமல் பிரயோசனம் இல்லை. பார்வைப் பரப்பும் சுருங்கிக்கொண்டே போகும். ஒரு கிலோமீற்றர் தூரத்தில் 8 மடங்கு பைனாகுலர் ஏறத்தாழ 130 மீற்றர் அகலத்தைக் காட்டும், 10 மடங்கு 110 மீற்றர் அளவில்தான். பாசி பிடித்த மரத்தில் தாவும் குருவியைத் தேடும்போது அந்த 20 மீற்றர் பெரிய விஷயம்.

ஆகவே உங்களுக்கு 8×42. எடை முக்கால் கிலோவுக்குள் இருக்கும், நாள் முழுக்கக் கழுத்தில் தாங்கலாம். உள்ளே நைதரசன் அடைத்த, தண்ணீர் புகாத வகையாக எடுங்கள். வெறும் காற்று உள்ளது பனிமூட்டத்தில் உள்ளுக்குள்ளேயே வேர்த்துவிடும், வெளியே துடைத்துத் தீராது.

கடையிலேயே இரண்டு சோதனை செய்யுங்கள். டியூப் லைட்டின் பிம்பத்தை முன் வில்லையில் பாருங்கள். பச்சையாகவோ ஊதாவாகவோ மங்கித் தெரிந்தால், வெளிச்சம் தெறித்து வீணாகாமல் தடுக்கும் பூச்சு இருக்கிறது. பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தால் விட்டுவிடுங்கள். மாணிக்கக் கல் போலச் சிவப்பாக மின்னுவதும் வேண்டாம், அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. அப்புறம் பைனாகுலரைக் கை நீளத்தில் பிடித்து, பார்க்கும் பக்கத்தில் தெரியும் ஒளிவட்டங்களைக் கவனியுங்கள். முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் வெட்டுப்பட்டுச் சதுரம் போல இருந்தால், உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிக் கட்டியான அரியம் மட்டமானது.

கேள்வி: நான் கண்ணாடி போடுகிறவள். பைனாகுலரில் பார்த்தால் ஓரமெல்லாம் கறுப்பாகத் தெரிகிறது. என் கண்ணில் கோளாறா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: கண்ணில் ஒன்றுமில்லை மகள். கண் வைக்கும் இடத்தில் உள்ள ரப்பர் வளையத்தை உள்ளே திருகி இறக்குங்கள், அல்லது மடித்துவிடுங்கள். அப்படியும் கறுப்பு தெரிந்தால் அந்தப் பைனாகுலர் உங்களுக்குப் பொருந்தாது. வில்லைக்கும் கண்ணுக்கும் இருக்க வேண்டிய இடைவெளியை விவரத்தாளில் போட்டிருப்பார்கள். 16, 17 மில்லிமீற்றராவது உள்ளதை வாங்குங்கள்.

கேள்வி: எட்டாம் ஆண்டு படிக்கும் மகனுக்கு நட்சத்திரத்தில் பைத்தியம். தொலைகாட்டி கேட்கிறான். எங்கள் வசதிக்குச் சின்னதுதான் முடியும்.
– ஒரு தாய், பொகவந்தலாவை

பதில்: மலிவுத் தொலைகாட்டியின் கால்கள் காற்றுக்கே ஆடும், பிள்ளையின் ஆசை ஒரே மாதத்தில் வாடிவிடும். அந்தக் காசில் 10×50 பைனாகுலர் ஒன்று வாங்கிக் கொடுங்கள் அம்மா. சனியின் வளையம் அதில் தெரியாது, அதை இப்போதே அவனிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் நிலவின் பள்ளங்கள் தெரியும். 1610இல் கலிலியோ கண்ட வியாழனின் நான்கு நிலவுகளும், கையை ஊன்றிப் பிடித்தால், சின்னப் புள்ளிகளாகத் தெரியும். தை மாசி இரவுகளில் வெறுங்கண்ணுக்கு ஆறாகத் தெரியும் கார்த்திகைக் கூட்டம் பல டசின் நட்சத்திரங்களாக விரியும். ஒராயன் என்ற வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டத்தில், இடுப்புப்பட்டை போல வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே புகை போன்ற ஒரு திட்டு இருக்கும், அது நட்சத்திரங்கள் பிறக்கும் முகில். நமக்கு அது கிட்டத்தட்ட உச்சியில் வருவதால் முற்றத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள்.

சித்திரையில் ஒரு நடுநிசியில் எழுப்பித் தெற்கே காட்டுங்கள். சிலுவை வடிவில் நட்சத்திரங்கள் நிற்கும் தென்சிலுவைக்கு இடப்பக்கம் மேலே, பஞ்சு உருண்டை போல ஒன்று தெரியும். அதன் பெயர் ஒமேகா செந்தோரி, இலட்சக்கணக்கான நட்சத்திரங்களின் கொத்து. லண்டனில் இருக்கும் பிள்ளைக்கு அது அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. உங்கள் மகனுக்கு லயத்து வாசலிலேயே கிடைக்கிறது.

கேள்வி: சிவனொளிபாதமலையில் சூரியோதயம் பார்க்கப் பைனாகுலர் கொண்டு போகலாமா?
– வாசகர், ஹட்டன்

பதில்: கொண்டு போங்கள், ஆனால் சூரியனை நோக்கி ஒரு கணமும் திருப்ப வேண்டாம். பார்வையே போய்விடும், பிள்ளைகள் கையில் இருந்தால் இன்னும் கவனம். சூரியன் எழுந்ததும் முதுகைக் காட்டி மேற்கே திரும்புங்கள். மலையின் முக்கோண நிழல் மேகங்களின் மேல் விழுந்திருக்கும். அதைப் பாருங்கள்.

கேள்வி: பங்களாக் காவலராக இருந்த அப்பாவுக்கு, ஊர் திரும்பிய துரை கொடுத்துவிட்டுப் போன 7×50 பைனாகுலர் வீட்டில் இருக்கிறது. உள்ளே வெள்ளையாக வலை பின்னியிருக்கிறது. எறிந்துவிடலாமா?
– வாசகர், லிந்துலை

பதில்: எறிய வேண்டாம்! அது 7 மில்லிமீற்றர் ஒளிக்கற்றை தரும், இரவு வானத்துக்கு அருமையானது. நீங்கள் பார்ப்பது பூஞ்சணம். நீங்களே கழற்றினால் அரியம் இடம் மாறி இரண்டு இரண்டாகத் தெரியும், தலை வலிக்கும். பழைய கமரா திருத்துகிறவரிடம் கொடுத்துத் துடைத்து வாங்குங்கள். அதன் பிறகு அந்தத் தோல் உறையில் வைக்காதீர்கள், ஈரம் குடித்து வைத்திருப்பது அதுதான். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நாலைந்தோடு வையுங்கள். வெயில் வரும் நாட்களில் வெளியே எடுத்து, அப்பா கையில் கொடுங்கள்.