பச்சை உடம்பும் வலி மாத்திரையும்: கேள்விக்குப் பதில்

பிரசவ வார்டில் 26 வருஷம் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் இரண்டு பிள்ளைகளும் சிசேரியன்தான். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். நான் சொல்லும் அளவுகள் வேறு நோய் எதுவும் இல்லாத தாய்க்கு. உங்கள் டாக்டர் உங்களைப் பார்த்துவிட்டு வேறு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு.

உச்சிப்புளி: அக்கா, இரண்டு வாரத்தில் எனக்கு சிசேரியன். போதை கலந்த வலி ஊசி போட்டால் பிள்ளை தூங்கிக்கொண்டே இருக்கும் என்கிறார்கள். அது இல்லாமல் சமாளிக்க முடியுமா?

பெரும்பாலானவர்களுக்கு முடியும். ஆனால் மாத்திரையை வலி வந்த பிறகு தேடக் கூடாது, கடிகாரம் பார்த்துப் போட வேண்டும்.

என் முதல் பிரசவத்தில் அதைத்தான் கோட்டை விட்டேன். மயக்க ஊசி வேலை செய்யும்வரை இடுப்புக்குக் கீழே மரக்கட்டை மாதிரி இருந்தது. "வலிக்கலையே, எதுக்கு மாத்திரை?" என்று தள்ளிவிட்டேன். நள்ளிரவில் மரமரப்பு விட்டதும் வந்த வலியில் பிள்ளையைத் தூக்கக் கூட முடியவில்லை. அப்போதெல்லாம் அழுதால்தான் ஊசி. ஃபோர்ட்வினும் பெனர்கனும் போட்டார்கள், மறுநாள் மதியம்வரை தூங்கினேன். சீம்பால் கொடுக்க வேண்டிய நேரம் அப்படியே போய்விட்டது.

இப்போது அடிப்படை இரண்டு சாதாரண மருந்து. ஒன்று பாராசிட்டமால், இன்னொன்று இபுபுரூஃபன் அல்லது டைக்ளோஃபெனாக். முதலாவது மூளைக்குப் போகும் வலிச் செய்தியைக் குறைக்கும். இரண்டாவது தையல் போட்ட இடத்திலும் கருப்பையிலும் உண்டாகும் வீக்கத்தைக் குறைக்கும். வேலை செய்யும் இடம் வேறு என்பதால் இரண்டையும் சேர்த்துப் போடலாம், ஒன்றை மட்டும் போடுவதைவிட நன்றாகக் கேட்கும். வீட்டுக்கு வந்தபின் பாராசிட்டமால் 650 காலை 6, பகல் 12, மாலை 6, இரவு 12 என்று நான்கு வேளை. இபுபுரூஃபன் 400 மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின். முதல் மூன்று நாள் இதில் பிசகவே கூடாது. அப்புறம் ஒவ்வொரு வேளையாகக் குறைக்கலாம். ஒரு வாரத்தில் பலருக்கு மாத்திரையே தேவைப்படாது. பாராசிட்டமால் எந்த வழியில் போனாலும் ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. 50 கிலோவுக்குக் குறைந்தவர்கள் டாக்டரிடம் கேட்டு அதையும் குறைக்க வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன் மயக்க டாக்டர் வந்து பார்ப்பார். அவரிடம் கூச்சப்படாமல் இரண்டு விஷயம் கேளுங்கள். தையல் போடும் இடத்தில் மரத்துப்போகும் மருந்து போடுவீர்களா? ஸ்கேன் பார்த்து வயிற்றுச் சுவருக்குள் போடும் 'டாப் பிளாக்' ஊசி இங்கே உண்டா? முதுகு ஊசியில் 'மார்பின்' என்ற போதை வகை மருந்து சேர்க்காதவர்களுக்கு இந்த பிளாக் நல்ல உதவி, முதல் அரை நாள் கிட்டத்தட்ட நிம்மதியாகப் போகும். பின்வழியாக வைக்கும் டைக்ளோஃபெனாக் மாத்திரையும் நல்லதுதான். அதைச் சொன்னாலே முகம் சுளிப்பார்கள், வைத்த பிறகு அடுத்த வேளைக்கு அவர்களே கேட்பார்கள்.

போதை வகை மருந்து பாவம் ஒன்றும் இல்லை. இவ்வளவும் கொடுத்த பிறகும் வலி தாங்கவில்லை என்றால் டாக்டர் கண்காணிப்பில் ஒன்றிரண்டு வேளை போடலாம், தப்பில்லை. ஆனால் டிரமடால் எழுதினால் "நான் பால் கொடுக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். சிலர் உடம்பு டிரமடாலையும், அதே வகையான கோடீனையும் வேகமாக உடைத்து வீரியமான பொருளாக மாற்றிவிடும். அது பால் வழியாகப் போய்ப் பிள்ளையை மந்தமாக்கலாம், மூச்சையும் குறைக்கலாம். 2017-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பாலூட்டும் தாய்மாருக்கு இந்த இரண்டும் வேண்டாம் என்று எச்சரித்தது. 2018 முதல் நம் நாட்டில் டிரமடால் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் இருக்கிறது. மெடிக்கலில் சீட்டில்லாமல் கொடுத்தால் வாங்காதீர்கள்.

கீழக்கரை: லாத்தா, மாத்திரை பாலில் இறங்கிப் பிள்ளைக்குச் சூடாகும், பாலும் வத்திவிடும் என்று மாமி ஒரே பிடிவாதம். நான்கு நாளாக ஒன்றும் போடவில்லை.

பாராசிட்டமாலும் இபுபுரூஃபனும் பாலில் மிக மிகக் கொஞ்சம்தான் இறங்கும். காய்ச்சல் என்றால் குழந்தைகளுக்கே சொட்டு மருந்தாகக் கொடுக்கிறோமே, அந்த அளவுக்குப் பக்கத்தில் கூட வராது. பால் வற்றுவது மாத்திரையால் இல்லை. வலியில் உட்கார முடியாமல் இரண்டு வேளை பிள்ளையை வைக்காமல் விட்டால்தான் பால் குறையும். மாமியிடம் சண்டை வேண்டாம். காரல் மீன் குழம்பும் சுறாப்புட்டும் அவர் செய்து தரட்டும், ரெண்டு கை சேர்த்தே சாப்பிடுங்கள், சாப்பிட்டதும் மாத்திரையைப் போடுங்கள். ஆஸ்பிரின் மட்டும் வலிக்காக எடுக்க வேண்டாம்.

பாம்பன்: என் வீட்டில் ஆபரேஷன் ஆகி ஐந்து நாள். டாக்டர் ஜீரோடால் பி எழுதினார். வலி நிற்கவில்லை என்றதும் மெடிக்கலில் காம்பிஃப்ளாம் கொடுத்தார்கள். இரண்டும் போடலாமா அக்கா?

போடாதீங்க தம்பி. ஜீரோடால் பி-யில் அசிக்குளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் இருக்கிறது. காம்பிஃப்ளாமில் இபுபுரூஃபனும் பாராசிட்டமாலும். அசிக்குளோஃபெனாக்கும் இபுபுரூஃபனும் ஒரே சாதி. இரண்டும் சேர்ந்தால் வலி இரண்டு மடங்கு குறையாது, வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கெடுதலும்தான் கூடும். டாக்டர் எழுதியதை மட்டும் வேளை தவறாமல் கொடுங்கள். அது பத்தவில்லை என்றால் இடையில் வெறும் பாராசிட்டமால் ஒன்று சேர்க்கலாமா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன கலந்திருக்கிறது என்று எழுதியிருக்கும், போன் கேமராவில் பெரிதாக்கிப் படித்துப் பழகுங்கள். என் அனுபவத்தில் மாத்திரை இரட்டிப்பானதெல்லாம் இப்படிப் பெயர் மாறியதால்தான்.

தொண்டி: எனக்கு ஆஸ்துமா. கடைசி மாதத்தில் பிரஷரும் ஏறியது. புரூஃபன் போடலாமா?

நீங்களாகப் போடாதீர்கள். வலி மாத்திரை போட்டு எப்போதாவது இழுப்பு வந்திருந்தால் இபுபுரூஃபன் சாதியே வேண்டாம். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) குறைவு, ஆபரேஷனில் ரத்தம் நிறையப் போனவர்கள், பிரஷரால் சிறுநீர் குறைந்தவர்கள் எல்லாருமே டாக்டர் சொன்னால்தான் எடுக்க வேண்டும். பாராசிட்டமால் உங்களுக்குப் பொதுவாகப் பயமில்லை.

தேவிபட்டினம்: படுத்திருந்தால் வலி இல்லை. எழுந்திருக்கும்போதுதான் உயிர் போகிறது. எழாமலே இருந்துவிடலாமா?

அதுதான் கூடாது. எழாமல் கிடந்தால் வயிறு உப்பும், காலில் ரத்தம் உறையும், வலியும் நீண்டுகொண்டே போகும். முதல் நாளே, காலில் உணர்வு வந்து நர்ஸ் சொன்னதும், ஒருவர் பிடித்துக்கொள்ள எழுந்து நிற்க வேண்டும்.

எழும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. நேராக மல்லாந்தபடி எழுந்தால் வயிற்றுத் தசை தையலைப் பிடித்து இழுக்கும். முழங்காலை மடக்குங்கள். தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களித்துப் படுங்கள். கால்கள் கட்டிலுக்கு வெளியே தொங்கட்டும், கையை ஊன்றி உடம்பைத் தள்ளி உட்காருங்கள். உடனே நிற்காதீர்கள், நாலு மூச்சு விட்டுவிட்டு எழுங்கள். பாயில் படுப்பவர்களுக்கு முதல் இரண்டு வாரம் ரொம்பச் சிரமம். கயிற்றுக் கட்டிலோ பெஞ்சோ யாரிடமாவது இரவல் வாங்குங்கள்.

மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்து நடங்கள். பலர் நடந்து, வலித்து, அப்புறம் மாத்திரை போடுகிறார்கள், தலைகீழாக. இருமல், தும்மல், சிரிப்பு வரும்போது சின்னத் தலையணையைத் தையல் மேல் அழுத்திப் பிடியுங்கள். வார்டில் தலையணை இல்லாத நாளில் மடித்த சேலையைக் கொடுப்போம், அதுவும் அதே வேலை செய்யும்.

வயிற்றில் கட்டும் பெல்ட் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நடக்கும்போது போட்டால் வயிறு ஆடாது, பலருக்கு வலி குறைகிறது. படுக்கும்போது கழற்றுங்கள். மூச்சு முட்ட இறுக்கிக் கட்டினால் வயிறு வற்றிவிடும் என்பது வீண் பேச்சு.

பெரியபட்டினம்: தையலைவிட வயிற்று உப்புசமும் தோள்பட்டை வலியும் அதிகம். தண்ணீர் குடித்தால் தையல் சீழ் வைக்கும் என்று அரை டம்ளர்தான் தருகிறார்கள்.

வயிற்றுக்குள் நின்ற காற்றும் கொஞ்சம் ரத்தமும் உதரவிதானத்தைத் தொட்டால் வலி தோளில் தெரியும். நடந்தால், ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு மூன்று நாளில் போய்விடும். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ கூட இருந்தால் மட்டும் அது வேறு கதை, உடனே காட்டுங்கள். சூயிங்கம் மெல்லச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் சிசேரியனுக்குப் பின் மென்றவர்களுக்குக் காற்று சீக்கிரம் பிரிகிறது என்று ஆய்வுகளே சொல்கின்றன. ஒரு நாளைக்கு மூன்று தடவை மெல்லுங்கள்.

தண்ணீருக்கும் சீழுக்கும் சம்பந்தமே இல்லை. நம் கரையோர வெயிலில், பால் கொடுக்கும் உடம்புக்கு அரை டம்ளர் கொடுத்தால் மலம் கட்டி, முக்கி, தையல்தான் வலிக்கும். இரும்பு மாத்திரை வேறு மலத்தைக் கட்டும். தாராளமாகக் குடியுங்கள், வாழைப்பழமும் கீரையும் சேருங்கள்.

ஏர்வாடி: மூன்றாவது பிள்ளை. பால் கொடுக்கும்போதெல்லாம் அடிவயிறு பிரசவ வலி மாதிரி இழுக்கிறது. தையல் பிரிந்துவிட்டதா?

இல்லை. பிள்ளை சப்பும்போது கருப்பை சுருங்குகிறது. பிள்ளைகள் கூடக் கூட அந்த வலியும் கூடும். இதற்கு இபுபுரூஃபன் நன்றாகக் கேட்கும். நாலைந்து நாளில் அடங்கிவிடும்.

மண்டபம்: முதுகு ஊசியால் ஆயுள் முழுக்க இடுப்பு வலி வருமா? இப்போது தலைவலியும் இருக்கிறது.

குத்திய இடம் சில நாள் நோகும், அவ்வளவுதான். பிறகு வருஷக்கணக்கில் வரும் இடுப்பு வலி பெரும்பாலும் குனிந்து பால் கொடுப்பதாலும் பலவீனமான வயிற்றுத் தசையாலும் வருவது. பழியை ஊசி சுமக்கிறது. தலைவலியைத்தான் கவனிக்க வேண்டும். உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறைந்தால் அது முதுகு ஊசித் தலைவலி. தண்ணீர், காபி, பாராசிட்டமாலில் பலருக்குத் தீரும். தீராவிட்டால் உங்கள் கையிலிருந்தே கொஞ்சம் ரத்தம் எடுத்து முதுகில் செலுத்திச் சரிசெய்வார்கள். தலைவலியோடு கண் மங்கினாலோ, மேல்வயிறு வலித்தாலோ பிரஷராக இருக்கலாம். பிரசவம் முடிந்த பிறகும் அது வரும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சாயல்குடி: தையல் மேல் வெந்நீர் அடித்து ஊற்றி மஞ்சள் பற்றுப் போடச் சொல்கிறார் அம்மா.

முதுகுக்கும் இடுப்புக்கும் இதமான வெந்நீர் ஊற்றட்டும், சுகமாக இருக்கும். தையல் மேல் அடிக்க வேண்டாம், மஞ்சளும் எண்ணெயும் வேண்டாம். சோப்புத் தண்ணீர் பட்டு ஓடினால் போதும், பிறகு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். வியர்வையில் வயிற்று மடிப்பு ஈரமாகவே இருக்கும், அங்கே ஒரு காட்டன் துணி வையுங்கள். வலிக்கு ஐஸ் ஒத்தடம் நல்லது, துணியில் சுற்றிப் பதினைந்து நிமிஷம். மீன் பெட்டி ஐஸை எடுத்து வைத்த ஒரு வீட்டையும் நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

ராமேசுவரம்: ராமநாதபுரத்திலிருந்து வீட்டுக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். ஆட்டோவா, காரா?

கார். கிளம்புவதற்கு முக்கால் மணி முன் மாத்திரை, வயிற்றில் தலையணை, கார் சீட் பெல்ட் அதன் கீழே. இன்னொன்று: அரசு ஆஸ்பத்திரியில் சிசேரியன் ஆனவர்களுக்கு மருந்தும், 7 நாள்வரை சாப்பாடும் இலவசம். காசுக்குப் பயந்து மூன்றாம் நாளே கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடி வராதீர்கள்.

திருப்பாலைக்குடி: எட்டாம் நாள். குறைந்துகொண்டே வந்த வலி நேற்றிலிருந்து கூடுகிறது.

இதை வாசித்ததும் கிளம்புங்கள். குறைந்த வலி திரும்ப ஏறினால் மாத்திரையைக் கூட்டிச் சமாளிக்கக் கூடாது. 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தையலில் சிவப்பு, சீழ், நாற்றமடிக்கும் கசிவு, ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு நனையும் ரத்தப்போக்கு, ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலிப்பது, மூச்சுத் திணறல் இவற்றில் எதுவுமே காத்திருக்காது. வண்டி இல்லை என்றால் 108.

முதுகுளத்தூரில் கட்டிக்கொடுத்த தொண்டிப் பெண்: மூன்று மாதமாகியும் தையலைச் சுற்றி மரத்திருக்கிறது.

தோல் நரம்பு அறுபட்டுத் திரும்ப வளர்கிறது. மாதக்கணக்கில் ஆகும், சிலருக்குக் கொஞ்சம் நிலைத்தும்விடும். எரிச்சலோ மின்சாரம் அடித்தது போலவோ இருந்தால் காட்டுங்கள், அதற்கு வேறு மருந்து.

சின்னப்பாலம்: கடல்பாசி எடுக்கப் போகிறவள் நான். எப்போது கடலில் இறங்கலாம்? வீட்டில் தண்ணீர்க் குடமும் நான்தான் தூக்க வேண்டும்.

முதல் ஆறு வாரம் பிள்ளையைவிடக் கனமான எதையும் தூக்காதீர்கள். நிறைகுடம் பிள்ளையைப் போல மூன்று நான்கு மடங்கு கனம். மீன்பிடித் தடைக்காலமாக இருந்தால் வீட்டுக்காரர் கரையில்தானே இருப்பார், தள்ளுவண்டியில் அவரே கொண்டுவரட்டும். மற்ற நாளில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் அரைக்குடமாக வாங்கி ஊற்றச் சொல்லுங்கள்.

கடலுக்கு, தையல் முழுக்க மூடி, ஆறாம் வாரம் டாக்டர் பார்த்த பிறகுதான். அதுவும் முதலில் இடுப்பளவுத் தண்ணீரில் கரையோரம். மூச்சைப் பிடித்து முங்குவதும், நனைந்த பாசி மூட்டையை இழுப்பதும் வயிற்றுத் தசையை முழுசாக இறுக்கும் வேலை. அதற்கு மூன்று மாதமாவது விடுங்கள். முதல் நாள் முங்கிவிட்டு வந்து அன்று ராத்திரி தையல் இடம் விண்ணென்று தெறித்தால், அடுத்த இரண்டு வாரம் கரையில் உட்கார்ந்து பாசி காயப்போடும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.