டிஃப் லாக் வேண்டுமா, லிமிடெட் ஸ்லிப் போதுமா?

கேள்வி: ஐயா, வணக்கம். பாலிக் புலாவில் மலைச்சரிவில் எங்களுக்குச் சிறிய டுரியான் தோட்டம் ஒன்று இருக்கிறது. எல்லா வேலைக்கும் ஒரு பழைய ஃபோர்வீல் பிக்அப் வண்டிதான். வார நாள்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வதும் அதே வண்டியில்தான். மழை பெய்துவிட்டால் தோட்டத்து மண்பாதையில் ஒரு பின்சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது, வண்டி நகர மறுக்கிறது. பட்டறைக்காரர், ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் குறைக்கும் லிமிடெட் ஸ்லிப் போட்டுவிடலாம் என்கிறார். என் மைத்துனரோ இரண்டு பின்சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும் டிஃப் லாக் போடு, மற்றதெல்லாம் வீண் செலவு என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், பாலிக் புலாவ்

பதில்: மைத்துனர் சொல்வது உங்கள் தோட்டத்துக்குச் சரியாக இருக்கலாம். ஆனால் அதை உறுதி செய்ய ஒரு விவரம் தெரிய வேண்டும். வண்டி சிக்கும்போது அந்தச் சக்கரம் தரையில் பதிந்திருக்கிறதா, அந்தரத்தில் தொங்குகிறதா? அடுத்த முறை சிக்கியதும் எண்ணெயை மிதித்து உறும விடாமல், கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கிப் போய்ப் பாருங்கள். செலவு செய்ய வேண்டிய இடம் எது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

காரணத்தைச் சொல்கிறேன். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். அதற்கு இடம் கொடுக்கத்தான், இரண்டு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் என்ற கியர் தொகுதி இருக்கிறது. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் சம அளவு முறுக்குவிசையை மட்டுமே கொடுக்கும். சேற்றில் நிற்கும் சக்கரம் 100 நியூட்டன் மீட்டருக்கு மேல் தாங்காமல் வழுக்குகிறது என்றால், பக்கத்தில் கெட்டியான தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் கிடைப்பது அதே 100தான். ஃபோர்வீலில் போட்டுவிட்டால் நான்கு சக்கரமும் இழுக்கும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். முன் அச்சிலும் இதே கதைதான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு சக்கரங்கள் பிடிப்பை இழந்தால் ஃபோர்வீல் வண்டியும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

லிமிடெட் ஸ்லிப்பில் பரவலாகக் கிடைப்பவை இரண்டு வகை. ஒன்றில் கிளட்ச் தகடுகள் இருக்கும், மற்றொன்றில் சாய்பற்கள் கொண்ட கியர்கள். கியர் வகையை எடுத்துக்கொள்வோம். அது வழுக்கும் சக்கரம் தாங்குவதைப் போல, உதாரணத்துக்கு, மூன்று மடங்கு விசையை மறு சக்கரத்துக்கு அனுப்பும் என்று வையுங்கள். சேற்றில் நிற்கும் சக்கரம் 100 தாங்கினால் நல்ல தரையில் நிற்பதற்கு 300 வரை கிடைக்கும். வண்டி ஏறிவிடும். ஆனால் மழைநீர் அரித்த பள்ளத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அது தாங்குவது பூஜ்யம். பூஜ்யத்தை மூன்றால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். அப்போது பிரேக்கை லேசாக மிதித்தபடி எண்ணெய் கொடுத்தால், தொங்கும் சக்கரத்துக்குக் கொஞ்சம் தடை கிடைத்து வண்டி நகரக்கூடும். கிளட்ச் வகை இந்த இடத்தில் சற்று மேல். புதிதாக இருக்கும்வரை தகடுகளின் அழுத்தம் ஓரளவு கைகொடுக்கும், தேய்ந்த பிறகு அதையும் எதிர்பார்க்க முடியாது.

டிஃப் லாக் இந்தக் கணக்கு எதையும் பார்ப்பதில்லை. பொத்தானை அழுத்தியதும் இரண்டு பின்சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகிவிடும். ஒன்று அந்தரத்தில் இருந்தாலும் மற்றது தன்னால் முடிந்த அளவுக்குத் தள்ளும். தோட்டத்துப் பாதையில் பள்ளங்களும் வேர்களும் நிறைந்து வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து சக்கரம் தூக்குகிறது என்றால், மைத்துனர் பக்கம்தான் நானும்.

நீங்கள் பள்ளிக்கும் இதே வண்டியில் போகிறீர்கள் என்பதால் என் முடிவு இன்னும் உறுதிப்படுகிறது. லிமிடெட் ஸ்லிப் எப்போதும் வேலை செய்துகொண்டே இருக்கும், உங்களைக் கேட்காது. பின்பக்கம் பாரம் ஏற்றாத பிக்அப்பில் ஜாலான் துன் சார்டோன் வளைவுகளில் மழைநேரத்தில் கொஞ்சம் அழுத்தி மிதித்தால், சாதாரண டிஃபரன்ஷியலில் உள்பக்கச் சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றும். லிமிடெட் ஸ்லிப்பில் இரண்டும் சேர்ந்து வழுக்கி வால்பகுதி வெளியே தள்ளலாம். வண்டியின் நிலைத்தன்மையைக் காக்கும் மின்னணு வசதி இல்லாத பழைய வண்டியில் இதை அலட்சியம் செய்யக்கூடாது. பொத்தான் வைத்த டிஃப் லாக்கை அணைத்துவிட்டால் சாலையில் அது சாதாரண டிஃபரன்ஷியல்தான்.

ஆனால் அணைக்க மறக்கக்கூடாது. பூட்டிய நிலையில் தார்ச்சாலையில் திரும்பினால் டயர் உரசிக் கத்தும், ஸ்டீயரிங் திருப்பிய பக்கம் வண்டி திரும்ப அடம்பிடிக்கும், அச்சுத்தண்டு முறிந்தாலும் வியப்பதற்கில்லை. பல வண்டிகளில் லாக் போட்டதும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடும் ஓய்வெடுத்துக்கொள்ளும். இன்னொரு எச்சரிக்கை: தானாகவே பூட்டிக்கொள்ளும் வகையும் சந்தையில் இருக்கிறது, பொத்தான் இல்லை என்பதால் செலவும் குறைவு. அது திருப்பங்களில் ‘டக் டக்’ என்று அடிக்கும், திடீரென்று இறுகி வண்டியை உலுக்கும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பாயான் லெப்பாஸ் நெரிசலில் ஓட்டும் வண்டிக்கு அது வேண்டவே வேண்டாம்.

இறங்கிப் பார்த்தபோது இரண்டு பின்சக்கரங்களுமே சேற்றில் வழுக்கிச் சுற்றியிருந்தது தெரிந்தால்? இரண்டில் எதைப் போட்டும் பயனில்லை. டயரை மாற்றுங்கள். சாலை டயரின் பள்ளங்களில் செம்மண் அப்பிக்கொண்டால் அது வழுக்குப் பாறைதான். மண்பாதைக்கேற்ற டயர் வாங்கி, மலையேறும் முன் காற்றைச் சற்றுக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். தார்ச்சாலைக்குத் திரும்பும்முன் மீண்டும் நிரப்பிவிட வேண்டும். இதிலேயே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும், பட்டறைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை.

டிஃப் லாக் என்று முடிவு செய்தால் விலைப்பட்டியலை வரிவரியாக எழுதி வாங்குங்கள். காற்றில் இயங்கும் லாக் என்றால் கம்ப்ரசர், குழாய், மின்கம்பி எல்லாம் தனித்தனிச் செலவு. அதைவிட முக்கியம், கியர் பற்களைப் பொருத்தும் வேலை. பெரிய வளையக் கியருக்கும் அதைச் சுற்றவைக்கும் சிறிய பினியன் கியருக்கும் இடைவெளி மிகச் சிறிதளவு பிசகினாலும் வேகத்தில் வண்டி ஊளையிடும், பிறகு பற்கள் தேயும். தேர்ந்த மெக்கானிக் பற்களில் மஞ்சள் பசை தடவிச் சுற்றிப் பார்த்து, தடம் பல்லின் நடுவே விழுகிறதா என்று சரிபார்ப்பார். அந்தத் தடத்தை மூடும்முன் எனக்குக் காட்டுங்கள் என்று கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு பட்டறையைத் தேடுங்கள்.

வண்டியை மாற்றும் எண்ணம் இருந்தால் பொறுத்திருந்து, தொழிற்சாலையிலேயே பின் டிஃப் லாக் பொருத்தி வந்த வண்டியை வாங்குவது மேல். ஹைலக்ஸ், ரேஞ்சர், டிரைட்டன் என்று பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரே பெயரில் ஒரு வகையில் இருக்கும், இன்னொரு வகையில் இருக்காது. டாஷ்போர்டில் அந்தப் பொத்தானைக் கண்ணால் பாருங்கள். விளம்பரத் தாளில் ‘பிரேக் லிமிடெட் ஸ்லிப்’ என்று இருந்தால், டிஃபரன்ஷியலுக்குள் எதுவும் இல்லை, சுற்றும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து அடக்கும் மின்னணு ஏற்பாடு அது. கெட்டதல்ல. நீண்ட சேற்றுப் பாதையில் பிரேக் சூடாகும், அவ்வளவுதான்.

கேள்வி: பழைய பிக்அப் ஒன்றை வாங்கினேன். வண்டி நிறுத்துமிடத்தில் மெதுவாகத் திரும்பும்போது பின்னால் ‘கடகட’ என்று நடுங்குகிறது. லிமிடெட் ஸ்லிப் இருந்தால் அப்படித்தான் இருக்கும் என்று விற்றவர் சொல்கிறார். உண்மையா?
– வாசகர், நிபோங் திபால்

பதில்: உண்மையாக இருக்கலாம், ஆனால் அப்படியே விட்டுவிடக் கூடாது. கிளட்ச் வகைக்குச் சாதாரண கியர் எண்ணெய் ஊற்றினால் தகடுகள் ஒட்டி ஒட்டி விடுபட்டு நடுங்கும். லிமிடெட் ஸ்லிப்புக்கென்று விற்கும் எண்ணெயை ஊற்றச் சொல்லுங்கள். பிறகு வெட்டவெளியில் எட்டுப் போட்டபடி மெதுவாக ஓட்டினால் எண்ணெய் தகடுகளுக்குள் இறங்கும். நடுக்கம் நின்றால் கவலை இல்லை. நிற்காவிட்டால் தகடுகளோ வேறு பாகமோ பழுது, திறந்து பார்க்க வேண்டும்.

வண்டியில் அது உண்மையிலேயே இருக்கிறதா என்பதையும் பட்டறையில் பார்க்கச் சொல்லுங்கள். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்அச்சைத் தூக்கித் தாங்கிகளில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை விடுவித்துவிட்டு ஒரு சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். மறு சக்கரமும் அதே பக்கம் சுற்றினால் லிமிடெட் ஸ்லிப் உயிரோடு இருக்கிறது. எதிர்ப்பக்கம் சுற்றினால் இல்லை, அல்லது தேய்ந்துபோய்விட்டது. கியர் வகை மட்டும் இந்தச் சோதனையில் ஏமாற்றும், நன்றாக இருந்தாலும் எதிர்ப்பக்கம் சுற்றலாம்.

கேள்வி: பட்டறையில் புதிய லிமிடெட் ஸ்லிப் என்று பணம் வாங்கிக்கொண்டு பழையதைப் போட்டுவிட்டார்கள். கேட்டால் ரசீதைப் பார் என்கிறார்கள். ரசீதில் ‘உதிரிபாகம்’ என்று மட்டுமே இருக்கிறது.
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் புகார் செய்யலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம், வழக்கறிஞர் தேவையில்லை. பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். சொந்த உபயோகத்துக்கு வாங்கியவர்களுக்கே இந்த வழி, வண்டி தொழிலுக்கு ஓடுகிறது என்றால் பொருந்தாது. புகார் செய்வதற்குமுன் வேறொரு பட்டறையில் திறந்து பார்த்து, உள்ளே இருப்பதன் நிலையைப் படத்தோடு எழுதி வாங்கி, முதல் பட்டறைக்குக் கடிதம் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பாகத்தை அவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.